தேய்ந்த பல்லும் ஊறிய புல்லும்

குதிரையின் வயதை அறிய அதன் வாயைத் திறந்து பார்க்கும் வழக்கம் குதிரை வணிகத்தைப் போலவே பழையது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று தமிழில் சொல்வதும், விலை கொடுத்து வாங்குவதன் பல்லைத் தவறாமல் பார்த்தாக வேண்டும் என்ற நடைமுறையின் மறுபக்கமே. முன்வரிசை வெட்டுப்பற்களின் மேற்பரப்பிலுள்ள குழிவு எந்த அளவுக்கு மறைந்திருக்கிறது, மேல்வரிசையும் கீழ்வரிசையும் எந்தச் சாய்வில் சந்திக்கின்றன என்பவற்றைக் கொண்டு வணிகர் வயதை மதிப்பிட்டனர். வயதைச் சொல்லும் அதே தேய்மானம், அந்த விலங்கு இனி எதை, எந்த வடிவில், எவ்வளவு நேரம் எடுத்து உண்ண முடியும் என்பதையும் சொல்கிறது. ஆனால் வணிகருக்கு அந்தச் செய்தியால் பயனில்லை; சந்தையில் முதிய குதிரைக்கு விலையில்லை. விலை போகாத பிறகும் அதை வைத்துப் பேணுபவருக்கே அது தேவைப்படுகிறது.

மனிதப் பல் முளைத்து நின்றுவிடும். குதிரையின் கடைவாய்ப்பல் அப்படி நிற்பதில்லை. இளங்குதிரையின் ஈறுக்குள் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பல் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலெழுகிறது. மணலும் சிலிக்காவும் கலந்த புல்லை அரைப்பதில் ஏறத்தாழ அதே அளவு தேய்கிறது. எனாமல், டென்டின், சிமென்ட் என்னும் மூன்று பொருள்கள் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து அந்தப் பல்லாக அமைந்திருப்பதாலும், அவை வெவ்வேறு கடினமுடையவையாக வெவ்வேறு வேகத்தில் தேய்வதாலும், அதன் மேற்பரப்பு கொத்திய அம்மியைப் போல எப்போதும் சொரசொரப்பாகவே இருக்கிறது. இருபத்தைந்து வயதை ஒட்டி இந்தச் சேமிப்பு தீரத் தொடங்குகிறது. எனாமல் மடிப்புகள் மறைந்து பல் வழவழப்பாகிறது. சில பற்கள் ஆடி விழுகின்றன. விழுந்த பல்லுக்கு எதிர்ப்பல் தேய்க்க ஆளில்லாமல் நீண்டு, அரைக்கும் தளம் அலைபோல் மேடுபள்ளமாகிறது. மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது என்பதால் பற்களின் ஓரங்களில் கூர்முனைகள் உண்டாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிப்பது எந்த வயதிலும் நிகழும். அவற்றை மருத்துவர் அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். தீர்ந்துபோன பல்லை எந்த அரமும் மீட்டுத் தராது.

இந்த இழப்பின் கனத்தை உணர, குதிரையின் வாழ்வில் மெல்லுதலுக்கு உள்ள இடத்தை அறிய வேண்டும். ஒரு கிலோ உலர்புல்லை உண்டு முடிக்க அது ஏறத்தாழ நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு 3000 தடவைக்கும் மேல் மெல்கிறது. ஒரு கிலோ ஓட்ஸ் தானியத்துக்குப் பத்து நிமிடமும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான மெல்லுதலும் போதும். மாட்டைப் போல் விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் வாய்ப்பு அதற்கு இல்லை; வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது; ஆகவே தொண்டையைத் தாண்டிய கவளம் எப்படி அரைபட்டிருக்கிறதோ அப்படியேதான் கடைசிவரை செல்லும். உமிழ்நீரும் குதிரைக்கு மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது, ஆனால் இரைப்பையின் அமிலமோ இரவு பகல் ஓயாமல் சுரக்கிறது; எனவே மெல்லாத வேளையெல்லாம் அமிலம் தணிக்கப்படாத வேளையாகி இரைப்பைப் புண்ணுக்கு வழிவிடுகிறது. அரைபடாத நீண்ட நார் குடலின் வளைவுகளில் அடைத்துக்கொண்டு சூலை எனப்படும் கடும் வயிற்றுவலியை உண்டாக்குகிறது. உமிழ்நீரில் நனையாத உலர்ந்த கவளம் உணவுக்குழாயிலேயே சிக்கி நின்றுவிடுகிறது. பல் தேய்ந்த குதிரை இவற்றுக்கு முன்பே ஓர் அறிகுறியைக் காட்டும்: புல்லை வாயில் அடக்கி நெடுநேரம் உருட்டி, விழுங்க மாட்டாமல் சுருட்டுப் போன்ற ஈரக் கற்றையாக வெளியே தள்ளிவிடும். தீவனத் தொட்டியின் கீழே கிடக்கும் அந்தக் கற்றைகளைக் குப்பை என்று பெருக்கித் தள்ளுபவர், குதிரை தன் நிலையைச் சொல்ல அனுப்பிய ஒரே செய்தியைப் பெருக்கித் தள்ளுகிறார்.

முதிய குதிரை மெலிவதற்குக் காரணம் அதன் குடல் கிழடாகிவிட்டதே என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அமெரிக்க ஆய்வாளர் சாரா ரால்ஸ்டன் 1989-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்றாகவும் அமைந்தது. இருபது வயதைக் கடந்த குதிரைகள் புரதம், பாஸ்பரஸ், நார் ஆகியவற்றை இளங்குதிரைகளைவிடக் குறைவாகவே செரிக்கின்றன என்று அது காட்டியது. முதியவற்றுக்கெனத் தனித் தீவனம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த முடிவு வலுவூட்டியது. ஆனால் அதே ஆய்வாளரும் உடன்பணியாளர்களும் 2001-இல் இந்தக் கேள்வியை மீண்டும் எடுத்தபோது, நன்கு பேணப்பட்ட முதிய குதிரைகளுக்கும் இளையவற்றுக்கும் இடையே அந்த வேறுபாடு காணப்படவில்லை. முதல் ஆய்வில் இடம்பெற்ற குதிரைகள், ஐவர்மெக்டின் போன்ற திறன்மிக்க குடற்புழு மருந்துகள் 1980-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வருமுன்பே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவை என்பதும், ஆண்டுக்கணக்கில் புழுக்கள் துளைத்து விட்டுச்சென்ற தழும்புகளே முதுமையின் அடையாளமாகத் தோற்றமளித்திருக்கக்கூடும் என்பதும் அதற்குக் கூறப்பட்ட விளக்கம். தன் முந்தைய முடிவைத் தானே மறுபரிசீலனைக்கு உட்படுத்திய அறிவியலாளரின் நேர்மை ஒருபுறம் போற்றத்தக்கது. மறுபுறம் அந்தத் திருத்தம் தீவனத் தேர்வின் அடிப்படையையே மாற்றுகிறது. குடலில் புழு இல்லாதிருந்து, உணவும் அரைபட்ட நிலையில் வந்து சேருமானால் முதிய குதிரையின் வயிறு தன் வேலையைச் செய்துகொள்ளும். செய்ய ஆளில்லாமல் நிற்பது வாயின் வேலை. அதைத்தான் பேணுபவர் தம் கையால் செய்துதர வேண்டியிருக்கிறது.

கையால் மெல்லுதல் என்பது நறுக்குதல், இடித்தல், ஊறவைத்தல், பிசைதல் என்ற எளிய செயல்களே. புல்லை அரைத்து அழுத்திய கட்டிகளையும் பெல்லட்டுகளையும் அவற்றின் அளவைப் போல் இருமடங்கு நீரில், கையால் பிசைந்தால் நடுவில் உலர்ந்த கரு அகப்படாத வரை ஊறவைத்துக் கொடுத்தால், நீண்ட புல்லின் நார் முழுவதும் மெல்லாமலேயே குடலுக்குப் போய்ச் சேரும். சர்க்கரை பிழிந்தெடுக்கப்பட்ட பீட் கிழங்கின் சக்கை இன்னொரு நல்ல பொருள். அதிலுள்ள பெக்டின் என்னும் கரையும் நார், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களால் எளிதில் நொதிக்கப்பட்டு ஆற்றலாகிறது. தமிழ்நாட்டு உழவர் குதிரைமசால் என்று அழைக்கும் லூசர்ன் பயறுவகைத் தீவனம், பெயரிலேயே யாருக்கு உரியது என்பதைச் சொல்லிவிடுகிறது. புரதமும் கால்சியமும் மிகுந்த அதன் இலை உலர்ந்த பின்னும் மென்மையாக உதிர்வதால் தேய்ந்த பல்லுக்கும் இடர் தராது, சிறுநீரகம் தளர்ந்த குதிரைக்கு மட்டும் அந்தக் கால்சியமே சுமையாகும். கடைகளில் முதிய குதிரைக்கான முழுத்தீவனம் என்ற பெயரில் விற்கப்படுவனவும் இந்தக் கருத்தின் தொகுப்பே: நூற்றுக்கு 12 முதல் 16 வரை புரதம், புல்லுக்கு மாற்றாக நிற்கும் அளவு நார், எளிதில் கரையும் வடிவம். இவற்றில் ஒன்று புல்லுக்கு மாற்றாகுமா, அல்லது புல்லோடு சேர்த்துத் தரவேண்டிய அடர்தீவனம் மட்டுமா என்பதைப் பையின் மேலுள்ள நார் அளவு காட்டிவிடும்; பலரும் அதைப் படிக்காமல் நாளுக்கு இரண்டு கிண்ணம் கொட்டி, குதிரை ஏன் தேறவில்லை என்று வருந்துகின்றனர்.

எவ்வளவு என்ற கேள்விக்கு எடை தெரிய வேண்டும். எடைமேடை இல்லாத இடத்தில் ஓர் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் எடை 450 கிலோ. நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கேனும் நார்த்தீவனம் உலர்ந்த நிலையில் சேர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மேற்சொன்ன குதிரைக்கு அது 6.75 கிலோ. நீரில் ஊறிய பின் இது பல வாளிகளாகப் பெருகிவிடும். குதிரையின் இரைப்பையோ 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். ஆகவே நாளுக்கு நான்கு, ஐந்து வேளையாகப் பிரித்துத் தருவதைத் தவிர வழியில்லை. எந்தப் புதிய தீவனத்தையும் பத்து நாளுக்குக் குறையாமல் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும், இல்லையேல் குடலின் நுண்ணுயிர்கள் திடீர் மாற்றத்தைத் தாங்காமல் மடியும். மெலிவையும் தேற்றத்தையும் கண்ணால் மட்டும் அளப்பது ஏமாற்றும். 1983-இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் டான் ஹெனெக்கும் உடன்பணியாளர்களும் வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையான உடல்நிலை அளவுகோல், விலா, முதுகுத்தண்டு, வால்மூட்டு, கழுத்து, தோள் ஆகிய இடங்களைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். முதிய குதிரையின் அடர்ந்த மயிருக்கடியில் விலாக்கள் ஒளிந்துகொள்ளும்.

அந்த அடர்ந்த மயிரே சில வேளைகளில் நோயின் குறி. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கிவைக்கும் நரம்பணுக்கள் வயதாக ஆகத் தேய்ந்து, சுரப்பி கட்டுமீறிச் சுரக்கும் நிலை, பதினைந்து வயதைக் கடந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு உண்டு. கோடை வந்தும் உதிராத நீண்ட மயிர், முதுகுத் தசை கரைந்து பள்ளமாதல், அளவுக்கு மீறிய தாகம் ஆகியன அதன் வெளிப்பாடுகள். இந்நிலைக்கு ஆளான குதிரைகளுள் பலவற்றுக்கு இன்சுலின் ஒழுங்கும் கெட்டிருக்கும்; அவை மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மிகுதியாக உண்டால், குளம்பின் உள்ளே எலும்பைத் தாங்கும் தகடுகள் அழன்று, நிற்கவே முடியாத குளம்பழற்சி வரும். பெர்கோலைடு என்னும் மருந்து சுரப்பியை ஓரளவு அடக்கும். தீவனத்தில் மாவும் சர்க்கரையும் சேர்ந்து நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பேணுபவரின் வேலை. உலர்புல்லை நீரில் மூழ்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையின் ஒரு பகுதி வெளியேறும். ஆனால் தாது உப்புகளும் சேர்ந்தே போகும் என்பதால் அவற்றை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும். ஒரே லாயத்தில் ஒரே வயதில் நிற்கும் இரண்டு குதிரைகளில் ஒன்றுக்கு வெல்லப்பாகு கலந்த இனிப்புத் தீவனம் தேற்றமளிக்கும், மற்றொன்றை அதே தீவனம் முடக்கிவிடும். வயது என்ற ஒற்றை எண்ணை வைத்துத் தீவனம் தேர்ந்தெடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மருத்துவரின் இரத்தப் பரிசோதனை தீவனப் பையை வாங்குமுன் நிகழ வேண்டியது.

இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள் என்ற தமிழ்ப் பழமொழியின் முதற்பாதி குதிரைக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. மாவுச்சத்தைத் தொடாமல் ஆற்றலைக் கூட்ட எண்ணெயைவிடச் சிறந்த பொருள் இல்லை. 450 கிலோ எடையுள்ள, வேலை செய்யாத குதிரையின் ஒருநாள் ஆற்றல் தேவை 15 மெகாகலோரி என்று கொண்டால், கால் லிட்டர் தாவர எண்ணெய் அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைத் தந்துவிடும். குதிரைக்குப் பித்தப்பை இல்லை. ஆனால் பித்தநீர் இடையறாது கசிவதால், சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டினால் அது எண்ணெயை நன்றாகவே ஏற்கிறது. பழமொழியின் பிற்பாதி மட்டும் இங்கே பொருந்தாது. தென்மாவட்டங்களில் காணம் எனப்படும் கொள்ளு, குதிரைக்குக் கொழுப்பைக் கரைக்கும் பத்தியம் ஆகாது. நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் கொண்ட செறிந்த தானியம் அது. தென்னிந்திய லாயங்களில் அதை வேகவைத்தோ ஊறவைத்தோ கொடுத்துவந்த முறையில் நுட்பமான அறிவு இருக்கிறது: பச்சைக் கொள்ளிலுள்ள, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் வெப்பத்தில் செயலிழக்கின்றன, பல்லால் உடைக்க வேண்டிய கடினத் தோலும் குழைந்துவிடுகிறது. இன்றைய ஆலைகள் நீராவியும் அழுத்தமும் கொண்டு செய்வதை அந்தக் குதிரைக்காரர்கள் அண்டாவும் விறகும் கொண்டு செய்தனர்.

பழைய வழக்கமெல்லாம் நல்லது என்று இதனால் கொள்ள முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழியே ஆண்டுதோறும் இறக்குமதியான குதிரைகளுள் மிகப் பல மடிந்ததையும், அவற்றுக்கு இறைச்சியுடன் சமைத்த சோறு கொடுக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். சோற்றின் மாவுச்சத்து சிறுகுடலின் கொள்ளளவை மீறிப் பெருங்குடலுக்குச் சென்று புளித்தால் என்ன நேரும் என்பதை இன்றைய மருத்துவம் அறிந்திருக்கிறது. தனக்கு உயர்வான உணவே தன் விலங்குக்கும் உயர்வானது என்று எண்ணிய அன்பு அந்தச் சோற்றுக்குப் பின்னால் இருந்திருக்கலாம். அதே அன்பு இன்று கோதுமைத் தவிட்டுக் கஞ்சியாகத் தொடர்கிறது. இளஞ்சூடான தவிட்டுக் கஞ்சியைப் பல்லில்லாத குதிரை விரும்பி உண்ணும், பார்ப்பவர் மனமும் குளிரும். ஆனால் தவிட்டில் கால்சியத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமல், இயன்றால் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்க வேண்டும். அது தலைகீழானால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்தெடுக்கிறது, கரைந்த இடத்தை நார்த்திசு நிரப்பி முக எலும்புகள் புடைக்கின்றன. மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டதால் இது ஐரோப்பாவில் ஆலைக்காரர் நோய் என்றே பெயர் பெற்றது. எப்போதாவது ஒருவேளை தவிடு கெடுதல் செய்யாது. நாள்தோறும் அதையே முதன்மைத் தீவனமாக்குவதுதான் எலும்பை உண்ணும்.

துணைச்சத்துகள் எனப்படும் பொடிகளும் எண்ணெய்களும் மாத்திரைகளும் இந்தப் பின்னணியில்தான் எடைபோடப்பட வேண்டும். உறுதியான தேவைகள் சிலவே. நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம் சாதாரண உப்பு அவற்றில் முதலாவது. உப்பு இல்லையேல் தாகம் குறையும், தாகம் குறைந்தால் குடல் அடைக்கும். பசும்புல் உண்ணாத குதிரைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 2 அலகு வரை வைட்டமின் ஈ தேவை, ஏனெனில் புல் காயும்போது அந்தச் சத்து பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. எண்ணெய் சேர்க்கும்போது இந்தத் தேவை இன்னும் கூடும். தசை கரையும் குதிரைக்கு லைசின் என்னும் அமினோ அமிலம் முதன்மையானது; தீவனப் புரதத்தில் அது குறைந்தால் மற்றப் புரதமும் தசையாகாது. வைட்டமின் சி-யைக் குதிரை தன் கல்லீரலிலேயே ஆக்கிக்கொள்கிறது. சுரப்பிக் கோளாறுள்ள முதிய குதிரைகளில் அதன் அளவு தாழ்ந்திருப்பது பதிவானதுண்டு என்பதால், அவற்றுக்கு மருத்துவர் பரிந்துரைத்தால் கொடுப்பதில் பொருளுண்டு. மூட்டுத் தேய்வுக்கென மிகுந்த விலையில் விற்கப்படும் குளுக்கோசமைனின் நிலை வேறு: வாய்வழி கொடுக்கப்பட்டதில் நூற்றில் மிகச் சில பங்கே குதிரையின் இரத்தத்தை அடைகிறது, அதன் பயனுக்கான சான்றுகளும் மெலிந்தவை. அந்தப் பணம் பல் மருத்துவத்துக்கும் நல்ல புல்லுக்கும் செலவாகியிருக்க வேண்டியது.

வீண்செலவு ஒன்றுதான் விளைவென்றால் பொறுத்துக்கொள்ளலாம். செலீனியம் என்னும் தனிமம் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் தேவை. தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மிகுந்தால் பிடரியும் வாலும் உதிரும், குளம்பு வெடிக்கும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள வெலிங்டனில் ஒரே அணியின் 21 போலோ குதிரைகள் ஒரு நாளுக்குள் மடிந்தன. அவற்றின் உடல் தேற ஊசிவழி செலுத்தப்பட்ட சத்துக் கலவையில் செலீனியம் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்ததே காரணம். அவை கொழுத்த இளமையில் இருந்த விலங்குகள். முதிய குதிரைக்கு முழுத்தீவனம், அதன்மேல் தாது உப்புக் கலவை, அதன்மேல் மயிர் பளபளக்க ஒரு பொடி, குளம்புக்கு இன்னொன்று என்று அடுக்கும்போது, ஒவ்வொன்றிலும் சிறிதளவு இருக்கும் செலீனியத்தையும் இரும்பையும் கூட்டிப் பார்ப்பவர் மிகச் சிலர். கூட்டிப் பார்க்கும் அந்தக் கணக்கை எந்த நிறுவனமும் தன் புட்டியின் மேல் எழுதித் தராது. ஆகவே ஒரு பொடியைச் சேர்க்குமுன் முன்பு சேர்த்த ஒன்றை நிறுத்த முடியுமா என்று பார்ப்பதே அறிவுடைமை.

உதகையிலும் கொடைக்கானலிலும் மெரினா மணலிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளை வைத்திருப்பவர்களுக்கு மேலைநாட்டு முழுத்தீவனப் பையின் விலை எட்டாதது. எனினும் இந்தக் கட்டுரையில் சொல்லப்பட்டவற்றுள் உயிரைக் காப்பவை விலை குறைந்தவை: நறுக்கிய பசும்புல், ஊறவைத்த குதிரைமசால், வேகவைத்த கொள்ளு சிறிதளவு, ஒரு பிடி உப்பு, முறையான குடற்புழு மருந்து, ஆண்டுக்கு ஒருமுறை வாயைத் திறந்து பார்க்கும் மருத்துவர். விலை கூடியது நேரம்தான். முதிய குதிரை கூட்டத்தில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. இளையவை தம் பங்கைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு அதன் தொட்டிக்கு வரும்போது அது எதிர்க்காமல் ஒதுங்கிவிடும். அதைத் தனியே கட்டி, ஆனால் துணைக்குதிரையின் முகம் தெரியும்படி கட்டி, அது உண்டு முடிக்கும் ஒரு மணி நேரமும் யாராவது அருகில் நிற்க வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் குடிநீரைச் சற்றே வெதுவெதுப்பாக வைத்தால் அது கூடுதலாகக் குடிக்கும்; பல் கூசும் குதிரை வாளிக்குள் மூக்கை விட்டுவிட்டுக் குடிக்காமல் திரும்புவதை அருகில் நிற்பவர் மட்டுமே பார்ப்பார்.

விடியலில் லாயத்துக்கு வருபவர் முதலில் தரையைப் பார்க்கிறார். தொட்டியடியில் ஈரக் கற்றைகள் எத்தனை, நேற்றைவிடக் கூடுதலா, குறைவா. சாணத்தை விரலால் பிரித்தால் நாரின் நீளம் எவ்வளவு. அதில் உடையாத தானியம் தென்படுகிறதா. அதன் பிறகே அவர் கை குதிரையின் விலாவுக்குப் போகிறது, மயிரை விலக்கி எலும்பைத் தேடுகிறது. இரவே ஊறவைத்த வாளி மூலையில் இருக்கிறது; மூடியைத் திறந்து, அடிவரை கையை விட்டு, உலர்ந்த கட்டி ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்று பிசைந்து பார்க்கிறார்.